ஜப்பான் நிலநடுக்கம்: ஆட்டம் நின்ற பிறகு வரும் ஏழு நாளைக் கடப்பது எப்படி?

நிஷிகசாய்_நாடோடி
ஜப்பானுக்கு வேலைக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் எல்லோரும் கேட்பது "ஆடும்போது என்ன செய்வது?" என்பதைத்தான். அதற்குப் பதில் சின்னது. மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் அலமாரி, ஜன்னல் பக்கத்திலிருந்து விலகித் தலையணையால் தலையை மூடுங்கள். வெளியே ஓடாதீர்கள். ஓடு, கண்ணாடி, பெயர்ப்பலகை எல்லாம் வாசலில்தான் வந்து விழும். அடுப்பை அணைக்கவும் ஓட வேண்டாம். "முதலில் நெருப்பை அணை" என்பது பழைய காலத்து அறிவுரை. இப்போது ஷிண்டோ (ஓரிடத்தில் தரை ஆடும் அளவு) 5 அளவுக்கு ஆடினால் கேஸ் மீட்டரே வாயுவை நிறுத்திவிடும்.

மாக்னிடியூட் என்பது நிலநடுக்கத்தின் மொத்த பலம், அது ஒரே எண். ஷிண்டோ என்பது உங்கள் காலடியில் எவ்வளவு ஆடியது என்பது. 0 முதல் 7 வரை போகும். 5, 6 இரண்டும் கீழ், மேல் என்று பிரிவதால் மொத்தம் பத்துப் படி. செய்தியில் 7.1 என்று பார்த்துவிட்டு ஊரிலிருந்து பதறிப்போய் போன் செய்வார்கள். உங்கள் பேட்டையில் ஷிண்டோ 3 என்றால் தட்டுகூட உடைந்திருக்காது. போனில் அலறும் எச்சரிக்கை, எங்காவது ஷிண்டோ 5-கீழ் வரும் என்று கணித்தால், 4 அல்லது அதற்கு மேல் ஆடக்கூடிய பகுதிகளுக்கு எல்லாம் போகும். மையம் பக்கத்தில் இருந்தால் ஆட்டம் வந்த பிறகுதான் போன் அலறும்.

ஆட்டம் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு தண்ணீர், கரண்ட், கழிவுக்குழாய் இல்லாமல் அடுக்குமாடியில் ஒரு வாரம் ஓட்டுவதுதான் பாடு. இந்த இழை அதற்காக. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

இரும்புச்சட்டி
சரி, யாரும் பேசாத விஷயத்தில் தொடங்குகிறேன்: கழிப்பறை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். கழிப்பறைக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஒருவர் ஒரு நாளைக்கு 5 முறை. வாரத்துக்கு 35. நாலு பேர் குடும்பத்துக்கு 140. அதாவது 140 உறைபொடிப் பாக்கெட் (கழிவைக் கூழாக உறைய வைக்கும் பொடி), 140 பை. ஹோம் சென்டரில் 50, 100 என்று பெட்டியாகக் கிடைக்கும். பத்துப் பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு "எல்லாம் ரெடி" என்கிறவர்கள்தான் அதிகம். நாலு பேருக்கு அது அரை நாள்தான் வரும்.

செய்முறை: கோப்பையின் உட்காரும் வளையத்தைத் தூக்கி, 45 லிட்டர் குப்பைப்பை ஒன்றைக் கோப்பைக்குள் விரித்து டேப் போட்டு ஒட்டுங்கள். இந்தப் பை அங்கேயே இருக்கும். அடியில் தேங்கியிருக்கும் தண்ணீர் மேல்பையை நனைக்காமல் தடுப்பதுதான் இதன் வேலை. வளையத்தை இறக்கி அதன் மேல் இரண்டாவது பை. போன பிறகு பொடியைத் தூவி, மேல்பையை மட்டும் காற்றை அமுக்கி வெளியேற்றி முடிச்சுப் போட்டு எடுங்கள். முதல் பை இல்லாமல் செய்தால் ஒவ்வொரு முறையும் பையின் அடி சொட்டச் சொட்ட வெளியே வரும், வீடு முழுக்க நாறும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பாக்கெட் பொடி உறைய வைப்பது பொதுவாக 400–500 மில்லி. நாம் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பொடி தோற்றுவிடும். பை கூழாகாமல் தண்ணீராகவே நிற்கும், முடிச்சில் கசியும். 500 மில்லி பெட் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, பாட்டிலை அமுக்கிப் பீச்சினால் 100 மில்லியில் வேலை முடியும். பாட்டிலில் கோடு போட்டு வையுங்கள், குழந்தைகளுக்கும் புரியும்.

குப்பை வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூடி இறுக்கமான பெரிய வாளி ஒன்றைப் பால்கனியில் வைக்க இடம் பாருங்கள்.

சின்னச்சாமி_77
பாத் டப்பில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்தால், வாளியில் மொண்டு ஊற்றி ஃப்ளஷ் பண்ணலாமே? இவ்வளவு பை எதற்கு?

பீம்_காலம்
பண்ணக் கூடாது. உங்கள் வீட்டுக் கோப்பை சரியாக இருக்கும். சுவருக்குள் இறங்கும் பொதுக் குழாய் எங்கே விலகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எட்டாவது மாடியில் ஊற்றியது மூன்றாவது மாடிக்காரர் குளியலறையில் பொங்கிய சம்பவங்கள் இங்கே நிறைய. கட்டட நிர்வாகம் குழாயைப் பார்த்து "ஊற்றலாம்" என்று அறிவிப்பு ஒட்டும் வரை பைதான். ஒட்டிய பிறகு டப் தண்ணீர் உதவும். ஆனால் தவழும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் டப்பை நிரப்பி வைப்பது நிலநடுக்கத்தைவிடப் பெரிய ஆபத்து. அவர்கள் வைக்கவே வேண்டாம்.

இது கற்பனைப் பயமில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின் மையம் தோஹோகு (வடகிழக்கு ஜப்பான்) கடலில், பலம் 9.0. தோக்கியோவை ஒட்டிய உராயாசுவில் வீடுகள் பெரிதாக இடியவில்லை. ஆனால் அது கடலைத் தூர்த்து எடுத்த நிலம். மண் குழம்பாகி, சாக்கடைக் குழாய்கள் மிதந்தும் முறிந்தும் போயின. சுவரில் கீறல்கூட இல்லாத வீடுகளில் வாரக்கணக்கில் கழிப்பறையைப் பயன்படுத்த முடியவில்லை. நிஷிகசாய், கசாய் பக்கம் இருக்கும் நம்மவர்கள் உராயாசுவுக்கு ஒன்றிரண்டு ரயில் நிலையம் தள்ளித்தான் இருக்கிறீர்கள். வட்டார அலுவலகம் தரும் வரைபடத்தில் வெள்ளத்தை மட்டும் பார்க்காமல் மண் குழம்பும் பக்கத்தையும் புரட்டுங்கள்.

கரண்ட் போனால் தண்ணீரும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரக் கட்டடத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவது மின்மோட்டார். 2019 அக்டோபர் ஹகிபிஸ் புயலில் முசாஷி கொசுகி கோபுரக் குடியிருப்பு ஒன்றின் அடித்தள மின்னறையில் வெள்ளம் புகுந்தது; லிஃப்ட், குழாய், கழிப்பறை மூன்றும் ஒரே நேரத்தில் போயின. கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

வல்வெட்டி_அலை
கழிப்பறை எண்டது வெறும் நாத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. எப்பிடி எண்டு சொல்லுறன்.

2016 சித்திரை (ஏப்ரல்) 14ஆம் திகதி இரவு 9:26க்கு குமமோட்டோவில 6.5 அளவில ஆடி, அங்க மாஷிகி எண்ட ஊரில ஷிண்டோ 7. இதுதான் பெரிசு, இனிக் குறைஞ்சுபோகும் எண்டு கனபேர் வீட்டுக்குத் திரும்பிட்டினம். 16ஆம் திகதி விடியப்புறம் 1:25க்கு 7.3. அதே மாஷிகியில திரும்பவும் ஷிண்டோ 7. முதல் ஆட்டத்தில பலவீனப்பட்டு நிண்ட வீடுகள் ரெண்டாவதில விழுந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் வானிலை நிலையம் "பின்னதிர்வு வரும்" எண்ட சொல்லை விட்டுட்டு, "ஒரு கிழமைக்கு இதே அளவில ஆடலாம், கவனம்" எண்டு சொல்லத் தொடங்கினது. பின்னதிர்வு எண்டால் சனம் சின்னன் எண்டு நினைக்குதுகள்.

வீட்டுக்குள்ள போகப் பயந்து ஆயிரக்கணக்கான சனம் காருக்குள்ள படுத்தினம். குமமோட்டோவில நேரடியா இறந்தது 50 பேர். பிறகு களைப்பு, நோய், இரத்தக்கட்டி எண்டு இறந்தது 200க்கு மேல. நோட்டோவிலயும் (2024 ஜனவரி 1, பின்னேரம் 4:10, 7.6) பிறகு போன உயிர்தான் கூட.

காருக்குள்ள நடக்கிறது இதுதான். கால் மடங்கி ஒரே நிலையில மணித்தியாலக் கணக்கா இருப்பியள். கழிப்பறைக்குப் போக வசதி இல்லை எண்டு தண்ணி குடிக்க மாட்டியள். இரத்தம் தடிச்சு, காலில கட்டி உண்டாகி, எழும்பி நடக்கேக்க நெஞ்சுக்குப் போய் அடைச்சிடும். அதனால காரில படுக்கிறதெண்டால் சீற்றைச் சாய்க்கிறது காணாது. பின் சீற்றை மடிச்சுச் சமனாக்கிக் காலை நீட்டிப் படுங்கோ. மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி நடவுங்கோ. தண்ணியைக் குறைக்காதேங்கோ. குளிருக்கு எஞ்சினைப் போட்டிட்டு நித்திரை கொள்ளக் கூடாது, பனி வந்து புகைக்குழாயை மூடினால் நச்சுப்புகை உள்ளுக்க ஏறும்.

நிஷிகசாய்_நாடோடி
நண்பர் சொன்னதோடு ஒரு சொல் விளக்கம். "ஹினான்பாஷோ" என்பது உயிர் தப்ப உடனே ஓட வேண்டிய இடம்: பூங்கா, மேட்டு நிலம், சுனாமிக்கான உயரக் கட்டடம். "ஹினான்ஜோ" என்பது வீடு போனவர்கள் தங்கும் பள்ளிக்கூடம், சமூகக்கூடம். இரண்டும் ஒன்றல்ல. அதிலும் பலகையில் எந்த ஆபத்துக்கு என்று படம் போட்டிருக்கும். நிலநடுக்கத்துக்கு ஏற்ற பூங்கா சுனாமிக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம். விசா எதுவாக இருந்தாலும் முகாமில் சேர்த்துக்கொள்வார்கள். வீடு நன்றாக இருந்தால் வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது. பள்ளிக்கூடத் தரையில் ஆளுக்கு ஒரு பாய் இடம்தான் கிடைக்கும்.

வல்வெட்டி_அலை
சுனாமியையும் சொல்லிவிடுறன். 2004 டிசம்பர் 26 எங்கட ஆக்களுக்கு ஒரு பாடம் படிப்பிச்சது: கடல் உள்வாங்கினால் ஓடு. அது அரைவாசிதான் சரி. கடல் உள்வாங்காமலே முதல் அலை ஏறி வரலாம். இன்னொண்டு, அண்டைக்கு ஆடினது சுமாத்திராவுக்குப் பக்கத்தில. எங்கட கரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்து சேர ரெண்டு மணித்தியாலம் அளவில எடுத்தது. நோட்டோவில சில நிமிசம்தான். அதனால ஜப்பான் கரையில நிண்டு பலமா, இல்லாட்டி மெல்லமா எண்டாலும் கனநேரம் ஆடினால், சைரனைப் பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ. தூரம் ஓடுறதைவிட உயரம் ஏறுறது முக்கியம். காரை எடுத்தால் நெரிசலில மாட்டுவியள்.

அறிவிப்பில 3 மீற்றருக்கு மேல எண்டால் பெரும் எச்சரிக்கை, 1 முதல் 3 எச்சரிக்கை, 20 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை கவனக்குறிப்பு. "ஒரு மீற்றர்தானே" எண்டு நினைக்கிற ஆக்கள் முழங்காலளவு சுனாமியில நிண்டு பார்க்கேலாது. அது அலை இல்லை, முழுக் கடலும் தள்ளிக்கொண்டு வாறது. ரெண்டாவது, மூண்டாவது அலை பெரிசா இருக்கலாம். அறிவிப்பை எடுக்கும் வரைக்கும் இறங்காதேங்கோ.

மெல்லினம்
சாப்பாடு பற்றி யாராவது எழுதுங்களேன். நாங்கள் சுத்த சைவம். முகாமில் என்ன தருவார்கள்?

இரும்புச்சட்டி
ஓனிகிரி (சோற்று உருண்டை), ரொட்டி, கப் நூடுல்ஸ். ஓனிகிரிக்குள் பல சமயம் மீன் இருக்கும், நூடுல்ஸ் சாறில் இறைச்சி, காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கட்சுவோ மீன் தூள். நெருக்கடியில் நின்றுகொண்டு லேபிள் படிக்க முடியாது. சைவக்காரர்கள் முகாமை நம்பவே வேண்டாம், ஏழு நாளும் சொந்தச் சரக்குதான். ஹலால் முத்திரை இருந்தால் சைவம் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

இங்கே கிடைப்பதில் சிறந்தது அல்ஃபா அரிசி. வெறும் வெள்ளைச் சோறு வகையை வாங்குங்கள். வெந்நீர் ஊற்றினால் 15 நிமிடம், பச்சைத் தண்ணீரில் 60 நிமிடம், ஐந்து வருடம் கெடாது. ஆனால் விலை அதிகம், ஏழு நாளும் அதையே தின்றால் நாக்கு செத்துவிடும்.

அதைவிட நல்லது நம் சமையலறையிலேயே இருக்கிறது. கெட்டி அவல். அடுப்பு வேண்டாம், ஒரு கப் அவலுக்கு அரை முதல் முக்கால் கப் தண்ணீர் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். கழுவுகிறேன் பேர்வழி என்று தண்ணீரை வீணாக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த அவலை முன்பே சலித்துப் புடைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். வெல்லப்பொடி, பொட்டுக்கடலை, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, சத்துமாவு. மெல்லிசு அவல் வேண்டாம், நொறுங்கித் தூளாகிவிடும்.

அடுப்புக்குக் கசெட்டோ கொன்ரோ (சின்ன சிலிண்டரை உள்ளே போடும் மேசை அடுப்பு). ஒரு 250 கிராம் சிலிண்டர் முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். ஆளுக்கு வாரத்துக்கு 6 சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை ஊற வைத்துக் குக்கரில் வைத்தால் அதில் கொஞ்சம் மிஞ்சும்.

இப்போது கவனமாகப் படியுங்கள். அதன் மேல் தோசைக்கல்லை வைக்காதீர்கள். சிலிண்டர் அடுப்பின் வலது பக்க அறைக்குள் இருக்கிறது. பெரிய தோசைக்கல், அகல வாணலி, இரட்டைக் கைப்பிடி உருளி எதுவாக இருந்தாலும் விளிம்பு அந்த அறை மூடியின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால், தட்டித் திரும்பும் சூட்டில் சிலிண்டர் கொதித்து வெடிக்கும். இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாத்திரம் ஏற்றுவதும் அப்படித்தான். உங்கள் குக்கரை இன்றைக்கே அடுப்பின் மேல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் சிலிண்டர் அறை மூடியின் மேல் நீளக் கூடாது.

குளிர்காலத்தில் சாதாரண பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆவியாகாது, தீ நோஞ்சானாக எரியும். சிலிண்டரைப் பால்கனியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். அதற்காக வெந்நீரில் முக்கியெடுக்கிற வேலை வேண்டாம்.

சின்னச்சாமி_77
கேஸ் மீட்டர் தானாக நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

பீம்_காலம்
முதலில் மோந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், காற்றாடியையும்தான். ஜன்னலைத் திறந்து, மீட்டர் வால்வை மூடி, வெளியே போய் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

நாற்றம் இல்லையென்றால் நீங்களே திறக்கலாம். மீட்டர் பெரும்பாலும் வாசல் கதவை ஒட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும். அடுப்பு, வெந்நீர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். மீட்டரில் இருக்கும் சிறு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே உள்ள பொத்தானை அடி வரை அழுத்தி விடுங்கள். சிவப்பு விளக்கு மின்னும். நகர கேஸ் என்றால் 3 நிமிடம் எதையும் தொடாமல் காத்திருங்கள். அந்த நேரத்தில் மீட்டர் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறது. விளக்கு நின்றால் பயன்படுத்தலாம். தொடர்ந்து மின்னினால் ஏதோ ஓர் அடுப்பு திறந்திருக்கிறது, அல்லது கசிகிறது. பொறுமையில்லாமல் இரண்டாவது நிமிடத்தில் அடுப்பைப் பற்ற வைப்பதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப நிற்கிறது.

வீட்டை விட்டுப் போவதாக இருந்தால் மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள். 1995 ஜனவரி 17 கோபேயில் நெருப்புகளில் பல, கரண்ட் திரும்பி வந்தபோதுதான் பிடித்தன. கவிழ்ந்து கிடந்த ஹீட்டர் மேல் துணி விழுந்திருக்கும், கரண்ட் வந்ததும் எரியும். வீட்டில் ஆளிருக்காது.

கோபேயில் இறந்த 6,434 பேரில் பெரும்பாலோர் வீட்டுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் அடியில் நசுங்கியவர்கள். அதனால் அலமாரிகள். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட முடியாது என்றால் மேலே முட்டுக் கம்பம், கீழே முன்விளிம்பில் ஆப்புப் பட்டை, இரண்டும் சேர்த்து. கம்பம் மட்டும் போதாது. கம்பத்தை அலமாரியின் சுவர் பக்கத்து மூலையில் நிறுத்த வேண்டும். முன்பக்கம் நிறுத்தினால் ஆட்டத்தில் நழுவும். கூரை வெறும் ஜிப்சம் பலகையாக இருந்தால் கம்பம் அதைக் குத்திக்கொண்டு மேலே போய்விடும். தட்டிப் பார்த்துக் கெட்டியான இடத்தில், குறுக்கே ஒரு பலகை கொடுத்து நிறுத்துங்கள்.

நம் வீடுகளில் கூடுதல் ஆயுதங்கள்: மேல் தட்டில் வைத்த குக்கர், கிரைண்டர் கல், ஊர் மிக்சிக்காக வாங்கிய 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். இந்த மூன்றும் தரையில்தான் இருக்க வேண்டும்.

வீடு தேடுகிறவர்களுக்கு: 1981 ஜூன் 1-க்குப் பிறகு அனுமதி பெற்ற கட்டடமா என்று கேளுங்கள். கட்டி முடித்த தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1982இல் முடிந்தது பழைய நிலநடுக்க விதிப்படி அனுமதி வாங்கியதாக இருக்கலாம். மர வீடு என்றால் 2000க்குப் பிந்தையது நல்லது.

காகிதப்புலி
பொருள் எல்லாம் சரி. காகிதத்தையும் கவனியுங்கள்.

2011இல் தோக்கியோவை விட்டு ஊருக்குக் கிளம்பிய வெளிநாட்டவர் பலர் விமான நிலையத்துக்குப் போவதற்கு முன் குடிவரவு அலுவலகத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியேறினால் வசிப்பு உரிமையே போய்விடும் என்பதுதான் காரணம். 2012 ஜூலை 9 முதல் ஸைர்யூ கார்டு (வசிப்பு அட்டை) உள்ளவர்கள் ஒரு வருடத்துக்குள் திரும்புவதாக இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் புறப்படும்போது தரும் அட்டையில் அதற்கான கட்டத்தில் டிக் போட்டே ஆக வேண்டும். பதற்றத்தில் அதை விட்டுவிட்டால் விசா அங்கேயே முடிந்தது. வசிப்புக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிதான் கெடு.

காப்பீடு: வாடகை வீட்டோடு கட்டாயமாக எடுக்க வைக்கும் தீக்காப்பீடு, நிலநடுக்கத்தால் பிடித்த தீக்குத் தராது. நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாக வாங்க முடியாது, தீக்காப்பீட்டோடு ஒட்டித்தான். தொகை தீக்காப்பீட்டின் 30 முதல் 50 சதவீதம். வீட்டுப் பொருளுக்கு உச்சம் ஒரு கோடி யென். சேதத்தை நாலு படியாகப் பிரித்து 100, 60, 30, 5 சதவீதம் தருவார்கள். 3 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட ஒற்றை நகை கணக்கில் வராது. தங்கம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும்.

உடைந்ததைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். வெளியே நாலு பக்கமும், உள்ளே ஒவ்வொரு சேதமும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று. நகராட்சி தரும் "ரிசாய் ஷோமேய்ஷோ" என்ற சேதச் சான்றிதழுக்கு வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் சொல்லும் சேத அளவும் காப்பீடு சொல்லும் சேத அளவும் வேறு வேறு. ஒன்றில் குறைந்துவிட்டது என்று மற்றதைக் கைவிடாதீர்கள்.

மெல்லினம்
பள்ளி, ஆபீஸ் நேரத்தில் வந்தால்?

நிஷிகசாய்_நாடோடி
பள்ளியில் பதிவு செய்த ஆளிடம் மட்டும்தான் குழந்தையை ஒப்படைப்பார்கள். அப்பா, அம்மா இருவரும் ரயிலில் போகிறவர்கள் என்றால், நடந்து வரக்கூடிய பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெயரை அந்தப் படிவத்தில் எழுதுங்கள்.

ஆபீசிலிருந்து கிளம்பாதீர்கள். 2011இல் தலைநகர் வட்டாரத்தில் வீடு திரும்ப முடியாமல் போனவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று அரசு கணக்கிட்டது. அதன் பிறகு தோக்கியோவில் 2013 ஏப்ரலில் வந்த விதிப்படி நிறுவனங்கள் ஊழியர்களை மூன்று நாள் அங்கேயே தங்க வைக்க முயல வேண்டும்; ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீர், 9 வேளை உணவு. அந்த 9 வேளையில் சைவம் உண்டா என்று நிர்வாகத்தை இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா அவல்.

தொடர்புக்கு 171, பேரிடர் நேரத்தில் குரல் செய்தியைப் பதிந்து வைக்கும் எண். பதிவு செய்ய 1, கேட்க 2, பிறகு போன் எண். ஒரு செய்தி 30 வினாடி. குரல் அழைப்பு இல்லாத டேட்டா சிம்மில் இது வேலை செய்யாது. ஊரில் இருப்பவர்களுக்கு வெப்171 என்ற இணையப் பக்கம். உங்கள் ஜப்பான் எண்ணைப் போட்டு அவர்களே பார்க்கலாம். பச்சைப் பொதுத்தொலைபேசி கரண்ட் போனாலும் வேலை செய்யும், 10 யென் நாணயம் குறைந்தது பத்து உங்கள் பையில் வைத்திருங்கள். வைஃபைக்கு ஐந்து பூஜ்யமும் ஜப்பானும் சேர்ந்த பெயரில் இலவசமாகத் திறப்பார்கள். பூட்டு இல்லாத வலை, அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

சின்னச்சாமி_77
171ஐ முன்கூட்டியே போட்டுப் பார்க்க முடியுமா?

நிஷிகசாய்_நாடோடி
முடியும். மாதா மாதம் 1, 15 தேதிகளில் பயிற்சிக்குத் திறந்திருக்கும். வீட்டில் ஒருவர் பேசி வையுங்கள், இன்னொருவர் கேட்டுப் பாருங்கள். குழந்தைகளையும் அழுத்தச் சொல்லுங்கள்.

இரும்புச்சட்டி
அதே 1ஆம் தேதி அவல் டப்பாவையும் திறந்து பார்த்துவிடுங்கள். கோடையில் இங்கே ஈரப்பதம் அதிகம், வண்டு வைத்துவிடும். பழையதை உப்புமா பண்ணிவிட்டுப் புதிதைப் போடுங்கள்.